சந்திரம்மா உரசிய கத்தி

பெங்களூர் நீலசந்திராவில் சந்திரம்மாவின் கைமா உருண்டைக்கு ஒரு பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் அடுப்பை வைத்து வாணலியை ஏற்றினால் பத்தரைக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். பதினோரு மணிக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வெறும் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவள் பக்கத்துப் பகுதியான அடுகோடியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். அங்கே பம்புகளுக்கு வால்வுத் தகடு செய்தார்கள். மெஷினில் இருந்து வரும் தகட்டைப் பசை தடவிய இரும்புப் பலகை மேல் வைத்து, எட்டு எழுதுவது போலத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்குவது அவள் வேலை. லாப்பிங் என்று பேர். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒரு கோடு வெளிச்சம்கூடப் புகக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்தாள். லேத்தில் நிற்கிற ஆண்களை எல்லோரும் ‘மிஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். சந்திரம்மாவை ‘தேய்க்கிற அம்மா’ என்றார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

உருண்டைக்குக் கறி அரைக்க அவளிடம் ஒரு கைமா மெஷின் இருந்தது. சண்டே பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்ததை அவள் புருஷன் முனிராஜ் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல கனமான வார்ப்பிரும்பு. மேஜை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்கி, மேல்வாயில் கறித்துண்டைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே நாலு இறக்கை வைத்த கத்தி சுழலும். கத்திக்கு முன்னால் இருக்கும் ஓட்டைத் தட்டு வழியாகக் கைமா இழை இழையாக வந்து விழும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு, அந்த இழை வரவில்லை. சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஏதோ பிதுங்கியது. கைப்பிடியைச் சுற்றுவதற்குள் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கழற்றிப் பார்த்தால் கத்தியைச் சுற்றி நரம்பும் ஜவ்வும் நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடந்தன. அந்தக் கூழை வைத்து உருட்டிப் பொரித்த உருண்டைகள் எண்ணெயில் தண்ணீர் விட்டு உடைந்தன. பக்கத்து வீட்டு எல்லம்மா ஒன்றை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு ரப்பரு மாதிரி கீது?"

சந்திரம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மறுவாரம் தெருவில் சாணைக்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்திப் பெடலை மிதித்துக் கத்தியைச் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தி முனை நீலம் பாரித்து, விரலில் பட்டால் வெட்டும் அளவுக்குக் கூர்மையாகத் திரும்பி வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி முன்னைவிட மோசமாக வந்தது. அதற்கடுத்த வாரம் முனிராஜ் சிட்டி மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுக் கத்தியே வாங்கிவந்தார். அதைப் போட்டும் கூழ்தான்.

கறிக்கடை எத்திராஜிடம் போய்ச் சொன்னாள். தெருக்கோடியில் பெரிய கடை அவருடையது. கரண்டில் ஓடும் கைமா மெஷின் அந்தப் பக்கத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், கெட்ட மனுஷர் இல்லை.

"தங்கச்சி, அது பல்லு போன மெஷினு. மெல்லத்தான் மெல்லும், கடிக்காது. குஜிரிக்காரன் வந்தா எடைக்குப் போட்டுட்டு, கறியை நம்ம கடையிலயே அரைச்சிக்கினு போ."

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். சந்திரம்மாவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புதுக் கத்தி, புதுக் கூர். அப்படியும் வெட்டவில்லை என்றால்?

கத்தியின் தட்டையான முகத்தை ஓட்டைத் தட்டின் மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் தூக்கினாள். இது யோசித்துச் செய்த காரியம் இல்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

கத்திக்கும் தட்டுக்கும் நடுவே வெயில் தெரிந்தது. ஒரு பீடி இலையை உள்ளே விடலாம், அவ்வளவு இடைவெளி. பல வருஷம் கத்தி சுற்றிச் சுற்றித் தட்டின் நடுப்பகுதி கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. பழைய கத்தியையும் வைத்துப் பார்த்தாள். சாணைக்காரர் கூர் வைக்கிற ஆசையில் அதன் முகத்தையே உருட்டிவிட்டிருந்தார். நுனி மட்டும் தட்டைத் தொட்டது, மற்ற இடமெல்லாம் அந்தரத்தில் நின்றது.

கத்தரிக்கோல் எப்படி வெட்டுகிறது? இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போவதால் வெட்டுகிறது. ஒரு அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் நடுவே சந்து இருந்தால் துணி மடங்கி அதில் போய் மாட்டிக்கொள்ளும். இங்கே ஜவ்வு போய் மாட்டிக்கொள்கிறது. மீதிக் கறி நசுங்குகிறது.

"ஏங்க," என்று கத்தினாள். முனிராஜ் வெளியே ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இங்க வாங்களேன். இது நம்ம வேலைங்க! நான் தெனம் செய்யிற வேலை!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

தேய்ப்பதற்குச் சமமான ஒரு பலகை வேண்டும். அம்மி ஆகாது, மேஜையும் ஆகாது. சந்திரம்மா சுற்றிலும் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் கண் போய் நின்றது. கனமான பெல்ஜியம் கண்ணாடி, அவர்கள் கல்யாணத்துக்கு வந்தது. அதை ஆணியில் இருந்து கழற்றினாள்.

"அடியே, நான் ஷேவ் பண்ணிக்கிற கண்ணாடி அது!"

"ஆட்டோவுலதான் ரெண்டு கண்ணாடி கீதே. அதுல பாத்துக்கங்க."

ஹார்டுவேர் கடைக்குப் போய் எமரி ஷீட் வாங்கிவரச் சொன்னாள். சொரசொரப்பாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மழமழவென்று ஒன்று. கண்ணாடியை ஈரத்துணி மேல் நகராமல் வைத்து, அதன் மேல் ஷீட்டை ஒட்டவைத்து, கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டாள். மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தட்டின் முகம் முழுக்க நீலக் கோடு கிழித்தாள். பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்து எட்டுப் போட ஆரம்பித்தாள்.

பத்து எட்டு. தட்டைக் கால்வாசி திருப்பி இன்னும் பத்து. இப்படித் திருப்பித் திருப்பித் தேய்க்காவிட்டால் கை அழுத்துகிற பக்கமே தேயும். எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் நீலம் அழிந்து இரும்பு பளபளத்தது. நடுக்குழியில் நீலம் அப்படியே இருந்தது. அந்த நீலம் போகும்வரை ஓரத்தை இறக்க வேண்டும். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. முனிராஜ் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் வாயில் வைத்தார், அவள் கை நிற்கவில்லை. நாலு மணி சுமாருக்குக் கடைசிப் பொட்டு நீலமும் மறைந்தது. பிறகு புதுக் கத்தியின் நாலு இறக்கைகளும் ஒரே நேரத்தில் படும்படி அதையும் தேய்த்து, மழமழப்பு ஷீட்டில் இரண்டையும் முடித்தாள். தட்டு முகத்தில் அவள் மூக்குத்தி தெரிந்தது.

திங்கட்கிழமை இரண்டையும் பேப்பரில் சுற்றி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் ஃபோர்மன் சீனிவாசராகவனிடம் தட்டை நீட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். மனுஷர் அளவு விஷயத்தில் அப்பனே வந்தாலும் விடமாட்டார். சோதனைப் பலகையில் மார்க்கிங் நீலத்தைத் தடவி, தட்டை அதன் மேல் கவிழ்த்து எடுத்தார். பள்ளம் இருந்தால் அங்கே நீலம் ஒட்டாது. தட்டில் ஒரு இடம் விடாமல் ஒட்டியிருந்தது.

"பேஷா இருக்கேம்மா. எந்த கஸ்டமரோடது? இவ்ளோ ஓட்டை போட்ட வால்வு நான் பாத்ததில்லையே."

"எங்க வூட்டுது சார்."

"வீட்டுல என்ன பம்பு?"

"பம்பு இல்ல சார். கறி அரைக்கிற மெஷினு."

சீனிவாசராகவன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார், இன்னொரு தரம் துடைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடியும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கறியோ காயோ, ஃப்ளாட்னா ஃப்ளாட்தான். மெஷின்ல போட்டாக்கூட இப்படி வராது. எதுல வெச்சுத் தேச்சே?"

"மூஞ்சி பாக்குற கண்ணாடி மேல சார்."

அவர் சிரித்த சிரிப்பு லேத் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. சந்திரம்மாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு, எமரிப் பொடி போகச் சோடா போட்ட வெந்நீரில் எல்லாவற்றையும் இரண்டு தரம் கழுவித் துடைத்து மாட்டினாள். தட்டைப் பிடித்து நிறுத்தும் முன்வளையத்தை முரட்டுத்தனமாக இறுக்காமல், கைக்கு அடங்குகிற அளவுக்கு மட்டும் திருகினாள். கறியைப் போட்டுச் சுற்றினாள். கைப்பிடி தண்ணீருக்குள் சுற்றுவது போலச் சுற்றியது. தட்டில் இருந்து கைமா சிவப்புச் சிவப்பாக, தனித்தனி இழையாக, நீளமாக இறங்கியது. எல்லம்மா அன்றைக்கு நாலு உருண்டை தின்றுவிட்டு ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

ஏப்ரல் பதினாலு நெருங்கியது. அம்பேத்கர் ஜெயந்திக்கு அந்தத் தெருச் சங்கம் வருஷா வருஷம் சாப்பாடு போடும். அந்த வருஷம் ஐந்நூறு பேருக்கு பிரியாணியும் கைமா உருண்டையும் என்று முடிவாயிற்று. சங்கச் செயலாளர் வெங்கடசாமி சந்திரம்மாவிடம் உருண்டைப் பொறுப்பைக் கொடுத்தார். முப்பது கிலோ கறி. வீட்டு மெஷினில் ஆகிற காரியம் இல்லை என்று அவளே சொன்னாள். எத்திராஜ் கடையில் அரைப்பது என்று ஏற்பாடு.

"இதுக்குன்னே கத்தியைச் சாணை புடிச்சி வெச்சிக்கிறேன். பட்டு மாதிரி வரும் பாரு," என்றார் எத்திராஜ்.

சாணை என்றதும் சந்திரம்மாவுக்குத் தன் பழைய கத்தி நினைவுக்கு வந்தது. பெரிய கடைக்காரருக்குத் தான் பாடம் சொல்வதா என்று மசாலாக் கணக்குப் போடப் போய்விட்டாள்.

பதினாலாம் தேதி காலை ஆறரை மணி. கடைக்குப் பின்னால் பந்தல். பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. எல்லம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் பொட்டுக்கடலை மாவும் வெங்காயமும் மசாலாவும் தயாராக வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எத்திராஜ் ஸ்விட்சைப் போட்டார். மெஷின் உறுமியது. முதல் மூன்று கிலோ வெளியே வந்தது.

கூழ். சாம்பல் நிறம். கொழுப்பு உருகி ஓரத்தில் வழிந்தது. மெஷினின் கழுத்தைத் தொட்டால் சுட்டது.

பொரித்துப் பார்க்கலாம் என்று ஒருத்தி நாலு உருண்டையை எண்ணெயில் போட்டாள். நாலும் பிளந்து நுரைத்தன.

எத்திராஜ் வளையத்தை இன்னும் இறுக்கினார். மெஷின் முனகியது, கூழ் இன்னும் சூடாக வந்தது. வெங்கடசாமி வாட்சைப் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. சிவாஜிநகருக்கு ஆள் அனுப்பலாம் என்றார் ஒருவர். இன்றைக்கு எவன் கடை திறப்பான் என்றார் இன்னொருவர். உருண்டையை விட்டுவிடலாம், முட்டை வேகவைத்துக் கொடுப்போம் என்றார் மூன்றாமவர்.

"அண்ணா," என்றாள் சந்திரம்மா. "நிறுத்துங்க. தட்டைக் கழட்டுங்க."

"கத்தி புதுசா சாணை புடிச்சது தங்கச்சி. மூணு நாள்கூட ஆவல. கறிதான் சரியில்ல."

"கறி உங்க கடையுதுதானே அண்ணா?"

பாயில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எத்திராஜ் ஸ்விட்சை அணைத்தார். முகம் சிவக்க வளையத்தைக் கழற்றி, தட்டையும் கத்தியையும் அவள் கையில் வைத்தார்.

அவள் துடைத்துச் சேர்த்துக் கிழக்கே தூக்கிப் பிடித்தாள். "வந்து பாருங்க அண்ணா."

எத்திராஜ் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கத்திக்கும் தட்டுக்கும் நடுவே காலைச் சூரியன் பட்டையாகத் தெரிந்தது. கண்ணை மாற்றி மூடி இன்னொரு தரம் பார்த்தார்.

"இது சாணையால வந்த வெனை," என்றாள். "கூரு இருக்குது, மொகம் போச்சி. வேற கத்தி, வேற தட்டு கீதா?"

எத்திராஜ் கடைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். மூன்று தட்டு, இரண்டு பழைய கத்தி. எது எதற்கு ஜோடி என்று அவருக்கே தெரியாது. மழுங்கிவிட்டது என்று எப்போதோ தூக்கிப்போட்ட கத்தி ஒன்று. அதை எந்தச் சாணைச் சக்கரமும் தொட்டிருக்கவில்லை. முகத்தைச் சமமாகத் தேய்த்தாலே அதன் விளிம்பு கூராகிவிடும். ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் குழி. மறுபக்கம் லேசான துரு, ஆனால் குழியே இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அதைத் திருப்பிப் போட்டதே இல்லை.

"இது போதும்," என்றாள். முனிராஜ் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆட்டோவை உதைத்து ஸ்டார்ட் செய்திருந்தார். பத்து நிமிஷத்தில் கண்ணாடியும் எமரி ஷீட்டும் எண்ணெயும் வந்தன. ஸ்கெட்ச் பேனாவை மறக்காமல் எடுத்து வந்திருந்தார், தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டு.

பந்தலுக்கு நடுவில் கண்ணாடியை வைத்துச் சந்திரம்மா உட்கார்ந்தாள். ஏழே கால் ஆகியிருந்தது. இது அவள் வீட்டுத் தட்டைப் போல இரண்டு மடங்கு. அகலமான தட்டு, கெட்டியான எஃகு. நீலம் கிழித்தாள், கவிழ்த்தாள், எட்டுப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் முதலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "அழுத்தித் தேயிக்கா" என்றது ஒரு குரல். "அழுத்துனா கோணும்," என்றாள் தலை நிமிராமல். காகிதத்தில் இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு மணிக்குத் துரு போயிற்று. எட்டரைக்கு நீலம் போயிற்று. முதுகு விண்விண் என்று தெறித்தது. கத்தியை எடுத்தாள். முதலில் மூன்று இறக்கைகள் மட்டும் பட்டன, நாலாவது படவில்லை. வெங்கடசாமி மறுபடியும் வாட்சைப் பார்த்தார். எத்திராஜ் அவரிடம் மெல்ல, "சும்மா இருங்க. மிஸ்திரி வேலை செய்யும்போது மணி பாக்கக் கூடாது," என்றார்.

சந்திரம்மா காதில் அது விழுந்தது. கை ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

ஒன்பதுக்கு நாலாவது இறக்கையும் பளபளத்தது. இரண்டையும் சேர்த்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். பார்த்துவிட்டு எத்திராஜிடம் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இருட்டு," என்றார். "ஒண்ணுமே தெரியல. வெறும் இருட்டு!"

வெந்நீர் வந்தது. கழுவித் துடைத்து மாட்டினாள். எத்திராஜ் பழக்கத்தில் வளையத்தைப் பிடித்து முறுக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டு அவளே திருகினாள். பனிக்கட்டியில் வைத்திருந்த கறியில் இருந்து ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"போடுங்க அண்ணா."

மெஷினின் உறுமல் இல்லை, ஒரு ரீங்காரம் மட்டும். அடுத்த நொடி தட்டின் அத்தனை ஓட்டைகளில் இருந்தும் சிவப்பு இழைகள் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தாம்பாளத்தில் இறங்கின. எல்லம்மா பாயில் இருந்து எழுந்துவிட்டாள். யாரோ விசில் அடித்தார்கள். பந்தலில் கைதட்டல் எழுந்தது. தெருவில் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஊர்வலம்தான் வந்துவிட்டதோ என்று ஏணியோடு எட்டிப் பார்த்தார்கள். எத்திராஜ் ஒரு இழையை விரலில் தூக்கிப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இருவது வருஷமா கறிக்கடை வெச்சிக்கிறேன். என் மெஷினுலருந்து இப்படி ஒரு கைமா நானே பாத்ததில்ல!"

இருபத்தேழு கிலோவும் முக்கால் மணியில் முடிந்தது. கடைசிக் கறி போனபோதும் மெஷின் கழுத்து குளிர்ந்தே இருந்தது. எட்டுப் பெண்கள் உருட்டினார்கள். இரண்டு வாணலியில் பொரிந்தது. ஒன்றுகூட உடையவில்லை. ஒரு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு உருண்டை. இரண்டாம் பந்தியில், முதல் பந்திக்காரர்கள் சிலர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்ததை வெங்கடசாமி பார்த்தும் பார்க்காதது போல விட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு மேல்தான் சந்திரம்மா இலையின் முன் உட்கார்ந்தாள். எத்திராஜ் தன் கையாலேயே பரிமாறினார்.

"தங்கச்சி, இனிமே மாசத்துக்கு ஒரு வாட்டி கடைக்கு வந்து இதைப் பாத்துக் குடுக்கணும்."

"கடைக்கெல்லாம் வரமாட்டேன் அண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் நீங்க வூட்டுக்கு எடுத்தாங்க. கத்தியும் தட்டும் ஜோடி ஜோடியா கயிறு கட்டி எடுத்தாங்க. கலந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன். சாணைக்காரனுக்குக் குடுத்தீங்கன்னா பேசவே மாட்டேன்."

"ஆவட்டும்," என்றார் எத்திராஜ், அத்தனை பேர் முன்னால். "அடுகோடியில என் மச்சான் கடையுதும் இப்படித்தான் கூழு கக்குது. அதையும் எடுத்தாரட்டா?"

"எடுத்தாங்க."

அவள் உருண்டையைப் பிட்டாள். உள்ளே பொலபொலவென்று இருந்தது. வாயில் போட்டு மெதுவாக மென்றாள். முனிராஜும் எல்லம்மாவும் எத்திராஜும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றாள்.

"அதுக்கு எம் மெஷினு பொறுப்பில்ல," என்றார் எத்திராஜ். சந்திரம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எல்லம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னும் இரண்டு வைக்கச் சொல்லி இலையைக் காட்டினாள்.